மொஃபாட்டில் ஆறு மணிக்கு மேல்

1

மொஃபாட் என்று ஒரு சின்ன ஊர். ஸ்காட்லாந்தின் தெற்கே, மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே பேருந்தை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும், எந்த ரொட்டிக்கடை திங்கட்கிழமை திறக்காது, மழை பிடித்தால் எந்தக் கடை வாசலில் ஒதுங்கலாம், ஆற்றுக்கு இறங்கும் பாதை எந்தச் சுவரை ஒட்டிப் போகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். நான் அங்கே போனதில்லை.

நான் இருப்பது யாங்கோனில், பசுந்தௌங் ஓடைக்கு இந்தப் பக்கம், தாகேதாவில். கல்யாணமாகி இங்கே வந்து இந்த வாரத்தோடு மூன்று வருடம் முடிகிறது. "பர்மாவுலயா இருக்கே, அங்க எப்படி இருக்கு?" என்று ஊரிலிருந்து வரும் கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது. மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் யாங்கோனுக்கு முன்னால் மொஃபாட் வந்து நிற்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன், இரண்டும் ஒரே கதைதான்.

என் அப்பா திருச்சிப் பக்கம் ஒரு பர்மா காலனியில் வளர்ந்தவர். அவரைப் பெற்றவர்கள் இங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள். போகாமல் இங்கேயே தங்கிவிட்ட கிளையில் பிறந்தவர் என் கணவர். வீட்டில் அவர் பெயர் சரவணன். அடையாள அட்டையில் பர்மியப் பெயர். இங்குள்ள தமிழ் வீடுகளில் இரண்டு பெயர் இருப்பது இரண்டு செருப்பு இருப்பது மாதிரி, யாரும் கவனிப்பதில்லை. தெருவில் மரியாதைக்குக் 'கோ' சேர்த்துக் கூப்பிடுவார்கள். நான் எல்லாவற்றையும் கலந்து 'கோ சரா' என்கிறேன். ஒரு குடும்பமே அவசரமாக விட்டு ஓடிய ஊருக்கு நான் மட்டும் பெட்டி நிறையத் துணியோடு, மருதாணிக் கையோடு, சிரித்துக்கொண்டே வந்து இறங்கினேன். அப்பா விமான நிலையத்தில் பெட்டியின் பூட்டை மட்டும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

2

படித்தது புவியியல். வேலை, சென்னையில் இருக்கும் ஒரு சுற்றுலா நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது. யார் எங்கே போகிறார்கள், எத்தனை நாள், குழந்தைகள் உண்டா, சைவமா என்று சொல்லிவிட்டால் காலை உணவிலிருந்து இரவு படுக்கை வரைக்கும் நான் எழுதிவிடுவேன். வேகமாக எழுதுவேன். என் அவசரத்துக்கு இந்த வேலை பொருத்தம் என்று அம்மா சொல்வாள்.

அப்படித்தான் ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம் வந்தது. அவர்களுக்குப் பெரிய நகரம் வேண்டாம், கோட்டை கொத்தளம் வேண்டாம், ஸ்காட்லாந்துக் கிராமப்புறத்தில் ஒரு சின்ன ஊரில் ஒரு வாரம் சும்மா இருக்க வேண்டும். தேடித் தேடி மொஃபாட்டைப் பிடித்தேன். ஊர் மொத்தத்தையும் நடந்தே சுற்றிவிடலாம். அகலமான ஒரு பெரிய தெரு. தெரு நடுவே பாறைமேல் வெண்கலத்தில் ஒரு செம்மறிக் கிடா. கம்பளி வியாபாரத்தில் செழித்த ஊர் என்பதால் அந்த மரியாதை. அந்தக் கிடாவுக்குக் கொம்பு உண்டு, காது கிடையாது. செய்தவர் வைக்க மறந்துவிட்டார் என்று ஊர்க்காரர்களே கதை சொல்கிறார்கள்.

இதைச் சாப்பிடும்போது சொன்னேன். கோ சரா கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். அவர் இன்வெர்ட்டரும் பேட்டரியும் பழுது பார்க்கிறவர். ஒரு பொருளில் ஒரு பாகம் இல்லை என்றால் நம்பமாட்டார், எங்கேயோ கழன்று விழுந்திருக்கும் என்பார்.

"கொம்புக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கும். சரியாப் பாரு."

"இல்லைங்கறேன். ஊரே சொல்லுது."

"ஊரு ஆயிரம் சொல்லும். செய்யறவன் காதை எப்படி மறப்பான்? எதிர்ல ஆடு நிக்கும்ல?"

அன்றிலிருந்து ஆரம்பித்தது. மின்சாரம் இருக்கும் சாயங்காலங்களில் அவர் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். வரைபடத்தில் தெருவுக்குள்ளேயே இறங்கி நடக்கிற வசதி இருக்கிறதே, அதில் நாங்கள் இருவரும் மொஃபாட்டில் நடப்போம். கிடாவைப் பக்கவாட்டில் பார்ப்போம், பின்னாலிருந்து பார்ப்போம். படம் தெளிவில்லாமல் கொம்புக்குக் கீழே எப்போதும் ஏதோ கறுப்பாகத்தான் தெரியும். "அதான் காது" என்பார். "அது நிழல்" என்பேன். கோயம்புத்தூர்க் குடும்பத்தை மறந்து அவர் எங்களுக்கே திட்டம் போட ஆரம்பித்துவிட்டார். எந்த மாடி அறை, எந்த ஜன்னல், காலையில் யார் முதலில் எழுந்து டீ போடுவது. "நீதான். நான் லீவுல வந்திருக்கேன்" என்றார்.

வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். என் கணவருக்கு இருபத்தொன்பது வயது. இங்கே கட்டாய ராணுவச் சேவைக்கு ஆள் எடுக்கத் தொடங்கிய பிறகு இந்த வயது ஆண்கள் வெளிநாடு போவது நின்றுபோய்விட்டது. வெளிநாடு கிடக்கட்டும், நாங்கள் முதல் வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் தன்லியின் என்ற ஊருக்குப் போகும் பாலம் தாண்டி கியாக்தானுக்குப் பேருந்தில் போவோம். அங்கே ஆற்று நடுவே ஒரு பகோடா உண்டு, படகில் போய் மீனுக்குப் பொரி போட்டுவிட்டு வருவோம். இப்போது பாலம் தாண்டுவதில்லை. அப்புறம் ஓடைப் பாலமும் தாண்டுவதில்லை. இப்போது கடை, வீடு, வீட்டுக்குப் பின் சந்தில் டீக்கடை. சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் கதவு சாத்தியாக வேண்டும். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதாதே என்று அவர் சொல்லியிருக்கிறார், எழுதவில்லை.

மொஃபாட் எங்களுக்கு ஏன் அவ்வளவு வசதியாகப் பொருந்தியது என்று பிற்பாடு புரிந்தது. அவருக்கு மிச்சமிருந்த யாங்கோனும் அதே அளவுதான்.

3

திட்டத்தை அனுப்பிய மறுநாள் சென்னையிலிருந்து மேலாளர் ரமேஷ் சார் கூப்பிட்டார்.

"கயல், கோயம்புத்தூர் பார்ட்டி ஒரு டவுட் கேக்கறாங்க."

"சொல்லுங்க சார்."

"இது டூரா, ஹாஸ்டலா?"

எனக்குப் புரியவில்லை. நான் எழுதியதையே எனக்குப் படித்துக் காட்டினார். ஏழு நாளும் மாலை ஆறு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று இருந்தது. ஏழு நாளும். இரவு உணவை மத்தியானமே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். காலையில் எழுந்தவுடன் எல்லாப் போன்களையும் சார்ஜில் போடவும். ஆளுக்கொரு டார்ச். பாஸ்போர்ட் நகல் எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். பவுண்டு நோட்டுகளை மடிக்காமல் தட்டையாக வைத்துக்கொள்ளவும், மடிப்பு விழுந்தால் மாற்ற மாட்டார்கள்.

"பவுண்டு நோட்டு பிளாஸ்டிக்ம்மா. மடிச்சாலும் நிக்காது. இதெல்லாம் எங்கேர்ந்து பிடிச்சீங்க?"

எங்கிருந்தும் பிடிக்கவில்லை. இங்கே டாலர் நோட்டில் நகக் கீறல் இருந்தால் மாற்றுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். டார்ச் இல்லாமல் மாடிப்படி ஏற முடியாது. இவற்றை நான் யோசித்து எழுதவில்லை. மூச்சு விடுகிற மாதிரி எழுதியிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், அதே பக்கத்தின் உச்சியில் ஆகஸ்டில் அங்கே இரவு எட்டரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும் என்று நானே எழுதியிருந்தேன். எழுதிவிட்டு, அந்த வெளிச்சத்தில் கோயம்புத்தூர்க்காரர்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

ரமேஷ் சார் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நீங்க வெளிய போயி எவ்ளோ நாளாச்சு கயல்?"

"எங்க சார் வெளிய?"

"எங்கயாவது."

நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. மறுபடி கிடைத்தபோது அவர் வேறு ஒன்று சொன்னார். எங்கள் தொழிலில் 'ஃபேம் ட்ரிப்' என்று ஒன்று உண்டு. வாடிக்கையாளரை அனுப்புவதற்கு முன்னால் எங்கள் ஆள் ஒருவர் போய் ஊரைப் பார்த்துவிட்டு வருவது. அந்த வருடம் ஸ்காட்லாந்துக்கு ஒரு இடம் இருந்தது. ஆகஸ்ட் நடுவில், ஒரு வாரம், மொஃபாட்டில். என்னைப் போகச் சொன்னார்.

நான் மாடியிலிருந்து கீழே கடைக்கு ஓடினேன். கோ சரா ஒரு பேட்டரிமேல் குனிந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் விரிந்தது. நான் பார்த்தேன், உண்மையாகவே விரிந்தது.

"காதைத் தொட்டுப் பாத்துட்டு வா" என்றார்.

4

விசாவுக்கு விண்ணப்பித்தேன். பக்கம் பக்கமாகக் கேள்விகள். எல்லாக் கேள்வியும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறது. நீ திரும்பிப் போவாய் என்று நாங்கள் எப்படி நம்புவது? சொத்து இருக்கிறதா, குழந்தை இருக்கிறதா, உன்னை இழுத்துப் பிடிக்க அங்கே என்ன இருக்கிறது?

"நான் இருக்கேன்னு போடு" என்றார் கோ சரா.

"அதுக்கு ஆதாரம் கேப்பாங்க."

"போட்டோ எடுத்துக்க. நல்லாத் தெரியற மாதிரி."

கல்யாணச் சான்றிதழை மொழிபெயர்த்து இணைத்தேன். அதில் அவருடைய அட்டைப் பெயர், விண்ணப்பத்தில் நான் முதலில் எழுதியது வீட்டுப் பெயர், பிறகு அடித்துத் திருத்தினேன். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எங்கள் இருவருக்கும் எழுத எதுவும் இல்லை. நமக்குத் தகப்பன் பெயர் உண்டு, பர்மியர்களுக்கு அதுவும் பெயரோடு ஒட்டாது. விசா அலுவலக முகப்பில் இருந்த பெண் பொறுமையாக, அலுத்துப்போன குரலில், இருக்கிறதில் ஏதாவது ஒன்றைப் போடுங்கள் என்றாள்.

விசாவுக்காகப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது வரும் வரைக்கும் நான் ஒரு நகலை வைத்துக்கொண்டு நடமாடினேன். வெளிநாட்டுக்காரி, கையில் பாஸ்போர்ட் இல்லை. சந்தைக்குப் போகும்போதுகூட அத்தை கூடவே வந்தார். அத்தை என் மாமியார். தெருவுக்கு டோ மியா, கோயில் அர்ச்சனைக்கு மீனாட்சி. அப்போதுதான் கோ சராவின் அன்றாடம் எனக்கு உடம்பில் உறைத்தது. எதிரே யாராவது சீருடையில் வந்தால் நடையை மாற்றாமல் நடப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரிந்தது.

அம்மாவோடு பேசும்போது ஒருநாள், "மீ போயிருச்சும்மா, வந்ததும் கூப்பிடறேன்" என்றேன்.

"எது போயிருச்சு?"

"மீ. கரெண்டு."

இங்கே விளக்குக்கும் நெருப்புக்கும் அதுதான் சொல். மின்சாரம் திரும்பி வந்தால் தெருவே "மீ வந்திருச்சு" என்று பர்மியத்தில் ஒரே குரலாகக் கத்தும். நானும் கத்துவேன். அம்மா 'மீ' என்று ஒரு தடவை தானும் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "ஸ்காட்லாந்து முடிஞ்சதும் அப்படியே இங்க வந்துட்டுப் போயேன்" என்றாள். "வந்துட்டுப் போயேன்" என்பதில் "போயேன்" ரொம்ப மெல்ல ஒலித்தது.

ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். நான் தமிழில் கேட்பேன், பிள்ளைகள் புரிந்துகொண்டு பர்மியத்தில் பதில் சொல்வார்கள், நான் அதைத் தமிழில் கரும்பலகையில் எழுதுவேன், அதைப் பார்த்து எழுதுவார்கள். அந்த வாரம் என் குஷியில், விடுமுறைக்கு எந்த ஊருக்குப் போக ஆசை என்று எழுதச் சொன்னேன். கடலையும் பனியையும் எதிர்பார்த்தேன். பாதிப் பேர் எழுதியது, அண்ணன் இருக்கிற ஊர். பாங்காக், மலேசியா, எல்லையோரம் பெயர் தெரியாத ஏதோ ஒரு ஊர். சரியாக எழுதியிருக்கிறார்களா என்று எழுத்துப் பிழை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

பாஸ்போர்ட் திரும்பி வந்தது. விசா ஒட்டியிருந்தது. நான் திரும்பி வருவேன் என்று யாரோ ஒருவர் நம்பிவிட்டார்.

5

இனிமேல் கிளம்புகிற நாள்தான் பாக்கி. எங்கள் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. ஒன்று தமிழ், ராகு காலம், சூலம் எல்லாம் போட்டது. இன்னொன்று பர்மியம். அதில் மாதத்துக்கு மாதம் சில கிழமைகள் பியத்தடா என்று குறித்திருக்கும். அந்தக் கிழமையில் நல்லது எதுவும் தொடங்கக் கூடாது, பயணம் கூடவே கூடாது. தமிழர்கள் தமிழ் நாட்காட்டி பார்ப்பார்கள், பர்மியர்கள் பர்மியம் பார்ப்பார்கள். எங்களைப் போன்ற வீடுகளில் இரண்டையும் பார்ப்பார்கள். ஒரு கடவுளை விட்டு இன்னொரு கடவுளைக் கும்பிட்டதாக ஆகிவிடக் கூடாது. தன்லியினுக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போவதற்கே அத்தை இரண்டு நாட்காட்டியையும் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார்.

விசா வந்த அன்று மத்தியானம் கணக்குப் பார்த்தார். விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. செவ்வாய், புதன் வடக்கே சூலம், போச்சு. விமானம் முதலில் பாங்காக் போகிறது, கிழக்கே. திங்கள், சனி போச்சு. ஸ்காட்லாந்து மேற்கே.

"ஞாயிறு, வெள்ளியும் போச்சு" என்றார் அத்தை.

"கிளம்புற திசையை மட்டும் பாத்தாப் போதாதா அத்தை?"

"போற திசையும் திசைதானேம்மா? நடுவுல எறங்கிக்கப் போறியா?"

மிச்சம் வியாழக்கிழமை. தெற்கேதான் சூலம், நாங்கள் தெற்கே போகவில்லை. நான் கைதட்டாத குறை. அத்தை அடுத்த நாட்காட்டிக்கு நகர்ந்தார். அந்த வாரங்கள் பர்மியக் கணக்கில் வாகௌங் மாதம். வாகௌங்கில் வியாழன் பியத்தடா.

கோ சரா கதவு நிலையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "ஏழு நாள்ல ஒரு நாளுகூட இல்லாம ஒரு லீவு. நல்லா இருக்கு."

"சிரிடா. நான் யோசிக்கிறேன்" என்றார் அத்தை.

அடுத்த இரண்டு நாள் அவர் யோசித்தார். நான் எனக்குள் தைரியமாகத்தான் இருந்தேன். ரமேஷ் சார் டிக்கெட் போடும் கிழமை எதுவோ அதுதான் கிழமை, அத்தையை எப்படியாவது சமாதானப்படுத்திவிடலாம்.

மூன்றாம் நாள் காலை சந்தையிலிருந்து வந்தேன். பால்கனியில் என் பெரிய பெட்டி வாய் திறந்து காய்ந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு நான் கொண்டுவந்த பெட்டி, அப்பா பூட்டு இழுத்துப் பார்த்தது. ஒரு வாரத்துக்குக் கட்டிலடியில் இருக்கும் சின்னப் பையே போதும். உள்ளே போனால் கட்டில்மேல் என் துணிகள் மொத்தமும் மடித்து அடுக்கியிருந்தன. மேலே என் இரண்டு பட்டுப்புடவைகள்.

"ஸ்காட்லாந்து மழைக்குப் பட்டுப்புடவை எதுக்கு அத்தை?"

"குளிருக்குப் பட்டு நல்லதுன்னாங்க." கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை. "வியாழக்கிழமையே போ. யாபாடே."

யாபாடே என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். இங்கே நாள் முழுக்கக் கேட்கிற வார்த்தை. கடையில் சில்லறை இல்லையென்றால் யாபாடே, மழையில் நனைந்துவிட்டால் யாபாடே. ஆனால் நாள், கிழமை விஷயத்தில் அத்தை வாயில் அதை நான் கேட்டதில்லை.

"அது பியத்தடான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

"நல்ல நாளு பாக்குறது எதுக்கு? போறவங்க திரும்பி வர்றதுக்கு." ஒரு கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார். "நீ சின்னப் பொண்ணும்மா. முடிஞ்சதும் நேரா மெட்ராஸ் போயிரு. ஒங்க அம்மாகிட்ட இரு. இங்க நான் பாத்துக்கிறேன்."

"இது யார் யோசனை? அவருக்குத் தெரியுமா?"

"அவன்தான் சொல்லச் சொன்னான். அவனால முடியலயாம்."

நான் அழவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த நொடியில் எனக்குள் ஏதோ ஒன்று விருட்டென்று எழுந்து நின்றது. அம்மா வீட்டு மாடி, இரவு பத்து மணிக்குத் தனியாகப் போய் ஐஸ்கிரீம் வாங்கலாம், சீருடையைப் பார்த்து நடையை மாற்றாமல் இருக்கப் பாடுபட வேண்டியதில்லை. அது எழுந்து நின்ற வேகம் என்னைப் பயமுறுத்தியது. நான் போனால் திரும்ப மாட்டேன். அத்தைக்குத் தெரிந்துவிட்டது, கோ சராவுக்குத் தெரிந்துவிட்டது, விசா கொடுத்தவருக்குத்தான் தெரியவில்லை.

சுவரிலிருந்து இரண்டு நாட்காட்டியையும் ஆணியோடு பிடுங்குகிற மாதிரி எடுத்தேன். அத்தை முன்னால் கீரைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நல்ல நாள் பாருங்க அத்தை."

"ஆகஸ்ட்ல கெடையாதும்மா."

"எப்ப இருக்கோ அப்பப் பாருங்க."

கையை முந்தானையில் துடைத்தார். கண்ணாடியைத் தேடி எடுத்தார். ரொம்ப நேரம் தாளைப் புரட்டினார், பாதி நேரம் பார்க்காமலே புரட்டினார் என்று நினைக்கிறேன்.

"செப்டம்பர்ல ஒரு வியாழக்கிழமை இருக்கு. ரெண்டுலயும் நல்லாருக்கு. ஆனா அதுக்குள்ள ஒன் டூரு முடிஞ்சிருமே."

"யாபாடே" என்றேன்.

6

நான் போகாமல் இருந்ததைத் தியாகம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த வீட்டிலேயே யாரும் அப்படி நினைக்கவில்லை. கோ சரா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசியபோது குரல் உயரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"முன்னாடி ஒருத்தன் உள்ள இருந்தேன். இப்ப ரெண்டு பேரு. இதுல யாருக்கு என்ன லாபம்?"

 சில காலைகளில் தண்ணீர் மோட்டாருக்காக மின்சாரம் வரக் காத்திருக்கும்போது, அவர் சொன்னதுதான் சரி என்று தோன்றும். அப்போது அவர் முகத்தைப் பார்க்காமல் வேறு வேலை செய்வேன். அந்தப் பெட்டியைத் திரும்பப் பரண்மேல் ஏற்றினோம். பட்டுப்புடவைகளை அத்தை எனக்குத் தெரியாமல் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார்.

எனக்குப் பதிலாக நிவேதா போனாள். சென்னை அலுவலகத்தில் என்னோடு வேலை செய்கிறவள், தெருவில் இடது வலது தெரியாதவள். கையில் நான் எழுதிய திட்டம், ஆறு மணி நீக்கிய திருத்தப் பதிப்பு.

அங்கே மத்தியானம் ஒரு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டாள். இங்கே பொழுது சாய்ந்து நாங்கள் கதவு சாத்தியிருந்த நேரம். மின்சாரம் இல்லை. கோ சரா ஒரு சின்ன பேட்டரியில் என் போனுக்கு உயிர் கொடுத்திருந்தார். திரையில் அந்தத் தெரு வந்தது. ஈரமாக, அகலமாக, நாங்கள் நடந்து தேய்த்த தெரு.

"அக்கா, பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன். ஒண்ணும் புரியல. எங்க போகணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"அப்படியே நேரா வாங்க. வலது பக்கம் ரொட்டிக்கடை வரும். இன்னிக்குத் திங்கக்கிழமை, மூடியிருக்கும்."

"தொறந்துதான் இருக்கு அண்ணா."

"தொறந்திருக்கா?" தன் வீட்டில் தனக்குத் தெரியாமல் ஒரு அலமாரியை நகர்த்திவிட்ட மாதிரி கேட்டார். "சரி, போங்க. இன்னும் கொஞ்சம். கிடா தெரியுதா?"

"தெரியுது தெரியுது."

"கிட்டப் போங்க. பக்கவாட்டுல. தலைகிட்ட காட்டுங்க."

படம் ஆடியது, வானம் வந்தது, பாறை வந்தது, பிறகு தலை. இரண்டு பக்கமும் சுருண்ட கொம்பு. கொம்புக்குக் கீழே வழவழவென்று வெண்கலம். அவர் திரையை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார்.

"நிஜமாவே இல்லையே" என்றார்.

அத்தையும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "காது இருந்தா மட்டும்? கூப்பிட்டா எறங்கி வரப்போவுதா?" என்றுவிட்டு, கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு தரம் பார்க்கப் போனார்.

கோ சரா சிரித்தார். பெட்டி விஷயத்துக்குப் பிறகு முதல் தடவை. அடுத்த திருப்பத்தைச் சொல்ல அவர் வாயெடுத்தபோது நிவேதாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. செல்போன் கோபுரமும் அணைந்துவிட்டது. இனி மின்சாரம் வந்தால்தான் வரும்.

இருட்டில் மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டில் யாரோ தட்டு கழுவுகிற சத்தம். கோ சரா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"கிடாவுக்கு அந்தப் பக்கம் இடது கைல திரும்பணும். சுவரை ஒட்டியே போனா ஆறு."

"பாதை வழுக்கும்" என்றேன்.

"மெதுவாப் போவோம்."

போனோம். சுவர் முடிந்தது, புல் வந்தது. ஆற்றின் சத்தம் அவருக்குக் கேட்டது, எனக்கு அது தட்டு கழுவும் சத்தத்தோடு கலந்து கேட்டது. பாலத்தின்மேல் நின்றோம். எனக்குப் பழக்கம் விடவில்லை.

"நேரமாச்சு கோ சரா. ஆறு மணி தாண்டிருச்சு. ரூமுக்குத் திரும்பிரலாமா?"

"இல்ல" என்றார். "இன்னும் வெளிச்சம் இருக்கு."